போட்டோ காட்டுகிற சிப்பாய்

அவர் சாகாத வாரமே கிடையாது. சில நாட்களில் காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம் என்று இரண்டு வேளையும் மண்டையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்துவிடுவார். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமியின்மேல் படையெடுத்து வரும் சண்டைப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பது அவர் பிழைப்பு. கதாநாயகனுக்கு இல்லை. அந்தப் பெரிய குரலுக்கென்று தனி ஆள் இருக்கிறார். அவருக்குக் கார் உண்டு, தொண்டை நனைக்க வெந்நீர் கொண்டுவர ஒரு ஆளும் உண்டு. நம்மவர் கதாநாயகனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சிப்பாய். ஒப்புக்குச் சப்பாணி. "கேப்டன், அங்கே பாருங்க!" என்று கத்துவார். கேப்டன் பார்ப்பார். பார்த்த கேப்டனுக்கு ஒரு கீறல் விழாது, பார்க்கச் சொன்ன இவர் காலி.

இந்தத் தொழிலுக்கு அவர் ஆசைப்பட்டு வந்தவரில்லை. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் ஸ்டூடியோவில் அலறுவதற்கு ஆள் குறைந்துபோய், பஸ்ஸுக்காக நின்ற ஒருவர் இவர் தொண்டையைக் கேட்டுக் கையோடு கூட்டிப் போனார். போன இடத்தில் இவர் ஓர் அலறல் அலறினார் பாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து பஸ் நிலையம் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டூடியோவில் அவருக்கு 'வீரமரணம்' என்று பெயர். வைத்தவர் சவுண்ட் இன்ஜினியர். "வீரமரணம் அண்ணே, டீ குடிச்சிட்டு வந்து செத்துடுங்க, அடுத்த ஆள் காத்திருக்காரு" என்பார். கேட்பவருக்குப் பகீர் என்றிருக்கும், இவருக்குப் பழகிவிட்டது. மனைவிக்குத்தான் அந்தப் பெயர் அறவே ஆகாது. ஒரு தடவை பார்சல் கொண்டுவந்தவர் வாசலில் நின்று "வீரமரணம் வீடு இதுதானேம்மா?" என்று கேட்டுத் தொலைக்க, படாரென்று கதவைச் சாத்தினாள். பார்சல் போன வழி இன்றுவரை தெரியாது.

சாவதென்றால் சும்மா இல்லை. கனமான கதவுள்ள சின்ன அறை. சுவரெல்லாம் கம்பளம். விசிறியும் ஏசியும் இரைச்சல் போடும் என்று டேக் ஓடும்போது நிறுத்திவிடுவார்கள், வியர்வை முதுகில் வழியும். மொடமொட சட்டை போடக்கூடாது, அது உரசும் சத்தம் மைக்கில் விழும். துவைத்துத் துவைத்துத் துணிப்பையாகிப்போன ஒரு பருத்திச் சட்டை அவருக்குச் சாவுச் சட்டை. ஓடும் காட்சியில் நின்ற இடத்திலேயே தோளைக் குலுக்கி மூச்சிரைக்க வேண்டும். வேற்றுக்கிரகப் பிராணி கொடுக்கால் கழுத்தை நெரித்தால் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொள்வார். வாயில் ரத்தம் பொங்கிச் சாக வேண்டுமானால் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு வசனம் பேசுவார். அது ஒரு தனிக் கலை, எல்லாருக்கும் வராது.

இத்தனை வருஷத்தில் அந்தப் படங்களின் சிப்பாய்களை அவர் தலைகீழாகப் படித்துவைத்திருந்தார். அவர்களுக்குப் பசிக்காது. எவனும் ஒன்றுக்குப் போக மாட்டான். சம்பளம், லீவு, முதுகுவலி என்ற பேச்சே கிடையாது. நட்சத்திரங்களைத் தாண்டி வந்த பிராணிக்கு முழு நகரத்தையும் கண்மூடித் திறப்பதற்குள் சாம்பலாக்கத் தெரியும், பத்தடி தள்ளி ஓடுகிற கதாநாயகனைக் குறிபார்த்துச் சுட மட்டும் தெரியாது. தளபதி என்று ஒருவர் இருப்பார். எதைக் கண்டாலும் "குண்டு போடு" என்பார். விஞ்ஞானி வேண்டாம் என்று கெஞ்சுவார், தளபதி கேட்டால் படம் ஏது? தளபதிக்குக் குரல் கொடுப்பவருக்கு ஜலதோஷம் பிடித்த ஒரு வாரம் நம்மவர் தளபதியாக இருந்தார். அந்த வாரம் வீட்டில் கரண்டி எடுத்துக் கொடுப்பதைக்கூட உத்தரவாகச் சொல்லிவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் அந்தப் படங்களில் ஒரு பெண் சிப்பாயும் வருவாள். அவளுக்கு ஒரே வசனம்தான்; ஆனால் உலகமே இடிந்து விழுந்தாலும் அவள் தலைமுடி கலையாது.

யார் சாவான் என்பது அவருக்கு முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்பவன் போய்ச் சேருவான். ஓய்வு பெறப்போகிறவன் ஓய்வு பெறமாட்டான். எல்லாருக்கும் மேலே ஒருவன் உண்டு. சண்டை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பக்கத்திலிருப்பவனிடம் காட்டி, "இது முடிஞ்சதும் வீட்டுக்குப் போறேன். கல்யாணம்" என்பான். அவ்வளவுதான், கதை முடிந்தது. போட்டோவைத் திரும்பப் பையில் வைக்கக்கூட விடமாட்டார்கள். அந்தப் போட்டோ சிப்பாய்தான் நம்மவருக்குச் சோறு போட்டவன். ஸ்கிரிப்டில் போட்டோ என்று வந்தாலே "அண்ணனைக் கூப்பிடு" என்பார்கள்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் படையில் சேர்ந்தாள். நிஜப் படையில்.

அங்கே அவளுக்குத் தண்ணீர் வேலை. முகாம் எங்கே போட்டாலும் ஆற்றிலோ குட்டையிலோ மோட்டாரை இறக்கி, வடிகட்டி, மருந்து கலந்து, தொட்டியில் ஏற்றிக் குழாய்களில் விட வேண்டும். "படையில் என்ன செய்கிறாய்?" என்று யாராவது மரியாதையோடு கேட்டால், "வால்வு மாத்தறேன்" என்பாள். முதல் லீவில் வந்தபோது அப்பா செத்த படம் ஒன்றை அவரோடு உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, இவ்வளவு நேரமா ஓடறாங்களே, எவனாவது ஒரு வாய் தண்ணி குடிச்சானா? எங்க முகாம்ல ஒரு வேளை குழாய்ல காத்து வந்தாப் போதும். வேற்றுக்கிரகத்துலேருந்து எவனும் வர வேண்டாம், எங்க ஆளுங்களே என்னைத் தீத்துடுவாங்க."

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகள் படையில் இருக்கிறாள் என்பதில் அவருக்குப் பெருமைதான். தண்ணீர்த் தொட்டிக்கும் வீரமரணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நிம்மதியாகவும் இருந்தார். எல்லையில் பதற்றம் என்று செய்திகளில் சொல்ல ஆரம்பித்து, அவள் பிரிவை அங்கே நகர்த்தும் வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது.

அப்புறம் பயம்தான். சிப்பாய்களைப் பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் எப்படிச் சாவார்கள் என்பது ஒன்றுதான். அதுவும் எந்த வசனத்துக்கு அப்புறம் சாவார்கள் என்பது அத்துப்படி. துப்பாக்கியை அவரால் தடுக்க முடியாது, வசனத்தைத் தடுக்கலாமில்லையா? அந்தச் சனியன் பிடித்த வசனம் மகள் வாயில் வரவே கூடாது என்று முடிவு கட்டினார். வேறு தொழிலில் இருக்கிற எவனுக்கும் இப்படியொரு கோணல் புத்தி வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கூப்பிடுவாள். போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் பேசுவார்கள்.

"இந்த ஒரு வேலை முடிஞ்சதும் லீவு போட்டுட்டு வீட்டுக்கு..." என்று ஒரு வாரம் மகள் ஆரம்பித்தாள்.

"நிறுத்து!" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"அந்த மாதிரி சொல்லாதே. வேற மாதிரி சொல்லு."

"எந்த மாதிரி?"

"லீவு குடுத்தா வருவேன், குடுக்காட்டி வரமாட்டேன்னு சொல்லு. சாதாரணமா. குரல்ல ஃபீல் வேண்டாம்."

மகள் சிரித்துக்கொண்டே அப்படியே சொன்னாள். "டேக் ஓகே" என்றார் இவர், தன்னையறியாமல். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வயசானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வந்தது வினை. "அப்பா, ஒரு முக்கியமான விஷயம். இங்க ஒருத்தர் இருக்கார். நானும் அவரும்..." என்று மகள் இழுத்தாள். இவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமலிருக்க அவர் என்ன மரக்கட்டையா? நெஞ்சு குதித்தது. என் பெண்ணுக்கு ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்று எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷம் தொண்டைக்கு வருவதற்குள் பயம் முந்திக்கொண்டது. கல்யாணம் என்ற வார்த்தை வந்துவிட்டால் குடி மூழ்கிவிடும் என்று, "சிக்னல் சரியில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் அவள் விடவில்லை. "சரி, பேச வேண்டாம். அவர் போட்டோ அனுப்பறேன், பாருங்க."

"போட்டோவா? அனுப்பாதே! போட்டோ கீட்டோ எதுவும் எனக்கு வரக்கூடாது!"

குண்டு வெடிக்கும் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். மகள் போனை வைத்துவிட்டாள்.

ஏனய்யா, விஷயத்தைப் பெண்ணிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ரகசியத்தை விளக்கிச் சொல்ல ஆரம்பிக்கிறவனும் அந்தப் படங்களில் பாதி வாக்கியத்தில் செத்துப்போவானாம். அதனால் மூச்சு விடவில்லையாம். இதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது?

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் நின்றது. அவர் ஸ்டூடியோவில் இருக்கும் நேரம் பார்த்து மகள் அம்மாவிடம் மட்டும் பேசினாள்.

"பேசினாளா?"

"பேசினா."

"என்ன சொன்னா?"

"உங்களுக்கு எதுக்கு?"

மனைவி ஒரு கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். நோயாளிகள் எவ்வளவு கத்தினாலும் அவள் குரல் ஏறாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அடுத்த மாசம் அங்கேயே பதிவுத் திருமணம் பண்ணிக்கப் போறா. நாம வர வேண்டாமாம்."

"ஏன்?"

"ஏனா? அந்தப் பையன் முகாம்ல சமையல்காரன். சமையல்காரன்னு யார் மூலமாவோ தெரிஞ்சுக்கிட்டுத்தான் அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்னு நெனைக்கிறா. 'அவர் முகத்தைப் போட்டோல பாக்கக்கூட அப்பாவுக்குப் பிடிக்கலம்மா'ன்னு அழறா. நீங்க என்ன பெரிய தளபதியா? வருஷக்கணக்கா ஒரு ரூமுக்குள்ள நின்னு 'ஐயோ அம்மா'ன்னு கத்தற ஆளு. அண்டாவுல கரண்டி போடறவன் உங்களுக்குக் கேவலமாப் போயிட்டானா?"

சமையல்காரன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஓய்வு பெறப்போகிறவனைச் சொன்னார், போட்டோவைச் சொன்னார், வசனத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லவே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவர் காதுக்கே கேட்டது. முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! ஏங்க, இத்தனை வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை சாகறீங்களே, நான் ஒரு தடவையாவது விதவையானேனா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் பழையபடி இறங்கிவிட்டது.

"எனக்கு மட்டும் பயமில்லையா? டோக்கன் நம்பரை மாத்தி மாத்திக் குடுக்கறேன். ஆனா அவ பேசறப்போ பேச விடறேன். நம்மளால முடிஞ்சது அவ்வளவுதாங்க."

அன்று மாலை முழுக்க அவர் மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனால், வேளை பாருங்கள், போட்டோ சிப்பாய். திரையில் இருந்தவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. சேற்றில் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து போட்டோவை எடுத்து, வாயைத் திறந்தான். இவரும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. "அண்ணே, என்னாச்சு?" என்றது ஹெட்போன். இன்னொரு தடவை ஓட்டினார்கள், அப்போதும் வரவில்லை. அடுத்த தடவை, "இது முடிஞ்சதும் வீட்டுக்குப் போறேன்" என்பது வரைக்கும் ஓடி, "கல்யாணம்" என்கிற இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். "அண்ணே! இத்தனை நாளா இந்த ஃபீலை எங்கண்ணே ஒளிச்சு வெச்சிருந்தீங்க!" அடப்பாவிகளா, ஒரு மனுஷன் வயிறு எரிந்து நிற்கிறான், இவர்களுக்குக் கைதட்டல்.

அடுத்தது சாவு. டப்பிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவன் முகம் திரும்பியிருந்தால், உதடு தெரியாது, என்ன வேண்டுமானாலும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். இந்தப் பையன் பின்பக்கமாக விழுந்தான், திரையில் அவன் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. நம்மவர் மைக்கை நெருங்கினார். அலறவில்லை.

"ஒண்ணுமில்ல கேப்டன். கால்லதான் பட்டிருக்கு. கட்டுப் போட்டாச் சரியாயிடும். நான் மெதுவா வந்துடறேன், நீங்க போங்க."

சவுண்ட் இன்ஜினியர் டேக்கை நிறுத்தினார். "அண்ணே, அவனை ரெண்டாப் பிச்சுப் போட்டாச்சு. மேல்பாதி அந்தப் பக்கம் கெடக்கு. எந்தக் காலுக்குண்ணே கட்டு?"

"அடுத்த ரீல்ல அவன் தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு கேப்டன் அழறார்ணே" என்றார் டப்பிங் டைரக்டர். "உயிரோட இருக்கறவனுக்கு எப்படி அழறது? போங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்து ஒழுங்காச் சாவுங்க."

அவர் டீ குடிக்கப் போகவில்லை. இன்ஜினியரிடம் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு, உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்த நடைக்குப் போய் மகள் எண்ணை அழுத்தினார். புது எண் என்பதால் எடுத்துவிட்டாள். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"ஹலோ, யாரு?"

"நான்தாம்மா. வெச்சுடாதே."

"வேலையில இருக்கேன்பா."

"இருக்கட்டும். அன்னிக்கு ஒண்ணு சொல்ல வந்தியே, அதைச் சொல்லு. முழுசாச் சொல்லு. நான் நடுவுல பேசல."

"எதுக்கு? மறுபடி சிக்னல் போறதுக்கா?"

குத்து சரியான இடத்தில் விழுந்தது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். "அவர் சமையல்காரரா தளபதியான்னு எனக்கு நேத்து வரைக்கும் தெரியாதும்மா. கல்யாணம்னு நீ ஆரம்பிச்சதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அந்த வசனத்தை நான் எத்தனை தடவை பேசியிருக்கேன். பேசின ஒருத்தனையும் நான் வீட்டுக்கு அனுப்பினதில்லம்மா."

மோட்டார் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று; மகள் நடந்து வந்திருக்க வேண்டும்.

"அப்பா, உங்க படத்துல தண்ணித் தொட்டி கழுவறவ யாராவது செத்திருக்காளா?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"சமையல்காரன்?"

"படத்துல சமையலே கிடையாதேம்மா."

"அப்போ எங்க ரெண்டு பேருக்கும் அவங்க வசனமே எழுதல. விடுங்க." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நிஜமாவே இங்க பயமாத்தான் இருக்குப்பா. அதனாலதான் உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தது."

அவர் உடைந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். பயத்தில் இருந்த குழந்தை அப்பாவைத் தேடி வந்திருக்கிறது, அப்பன் கதவைச் சாத்தியிருக்கிறான். "சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். புது இடத்தில் முதல் தொட்டித் தண்ணீர் கலங்கலாக வந்தபோது, எல்லாரும் முகம் சுளிக்க, அவன்தான் அந்தத் தண்ணீரில் டீ போட்டு முதல் ஆளாகக் குடித்துக் காட்டினானாம். "செத்தா நான் சாகறேன்" என்றானாம். அப்பாவுக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். அவனுக்குப் பாட வராதாம், ஆனாலும் அடுப்படியில் பாடுவானாம். அவன் அம்மாவிடம் இவள் பேசிவிட்டாளாம். அவர் நடுவில் ஒரு 'உம்' கூடக் கொட்டவில்லை. கடைசியில் அவள் சொன்னாள்:

"இந்த வேலை முடிஞ்சதும் ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றோம்பா. பதிவுத் திருமணமெல்லாம் வேண்டாம், நம்ம வீட்டுல வெச்சே கல்யாணம் பண்ணிக்கறோம்."

இத்தனை வருஷமாக இந்த வசனத்துக்கு அடுத்ததாக ஓர் அலறல் வரும். அவர் தொண்டையிலிருந்துதான் வரும். அவர் கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். மோட்டார் ஓடியது. தூரத்தில் யாரோ, "அக்கா, குழாய்ல காத்துதான் வருது!" என்று கத்தினார்கள். "இருங்கடா, வர்றேன்!" என்று மகள் பதிலுக்குக் கத்தினாள்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன். இருக்கேம்மா. போட்டோ அனுப்பு."

அவர் போனுக்குப் போட்டோ வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் இரண்டு பேர். அவன் இடுப்பில் கறை படிந்த துணி, கையில் ஆள் உயரக் கரண்டி. அவள் முழங்கால்வரை நனைந்து, ஸ்பேனரோடு, தலைமுடி பரட்டையாக நின்றாள். இருவரும் கண் கூசச் சிரித்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இன்ஜினியர், டப்பிங் டைரக்டர், டீ கொண்டுவந்த அம்மாள், வெந்நீரோடு காத்திருந்த கதாநாயகக் குரல் என்று ஒருத்தர் விடாமல் போட்டோவை நீட்டினார்.

"பாத்தீங்களா? என் பொண்ணு. மாப்பிள்ளை. இது முடிஞ்சதும் வீட்டுக்கு வர்றாங்க. கல்யாணம்."

இன்ஜினியர் போட்டோவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "அண்ணே, போட்டோவைக் காட்டிட்டீங்க, வசனமும் சொல்லிட்டீங்க. இப்போ உள்ள போய் நீங்கதான் சாகணும்."

அவர் போனைச் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கம் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். கதவு மூடியது. ஏசி நின்றது. திரையில் பிராணி பாய்ந்தது, பையன் விழுந்தான், இவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"அண்ணே, சாகறவன் குரல்ல சிரிப்புக் கேக்குது. இன்னொண்ணு போலாம்."

போனார்கள். அதிலும் கேட்டது. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு முயன்றார், தண்ணீர் மைக்கெல்லாம் தெறித்தது. மத்தியானச் சாப்பாடுவரை அன்றைக்கு அவரால் சாகவே முடியவில்லை.